உறக்கத்துக்குக் காவல்

நாவல்மரத் திருப்பத்தில் நான் இருந்தேன். அடுத்து நினைவு வந்தபோது தண்ணித் திருப்பத்தில் இருந்தேன். நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் பேருந்தை யார் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கை என்னுடையதுதான், கால் என்னுடையதுதான். இரண்டாம் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறது. மலை மேலே ஊத்து எஸ்டேட்டிலிருந்து மாஞ்சோலை வழியாகக் கீழே வரும் காலை வண்டி அது. உள்ளே தேயிலைத் தோட்டத்து ஆட்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர்கள், கம்பளிக்குள் பொதிந்த கைக்குழந்தைகள். அந்த இரண்டு வளைவுகளின் நேரம் முழுவதும் என் தலைக்குள் வெள்ளையாக ஒன்று அடைத்துக்கொண்டு இருந்தது. மேகம் என்று சொன்னால் அழகாகிவிடும். ஈரப் பஞ்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

மணிமுத்தாறு வந்ததும் கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றார். என் வயதுதான் அவருக்கும். ஆறு வருஷமாக நாங்கள் அந்த வண்டியில் ஜோடி.

"வே, ஒரு டீ குடிப்போம். இறங்கும்."

"நேரமாயிட்டே."

"ஆகட்டும். இறங்கும்ங்கேன்."

டீயைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை. தம்ளரின் ஆவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாவல்மரத்துல ஹாரன் அடிச்சீரு. தண்ணிப் பெண்டுல அடிச்சீரு. நடுவுல ரெண்டுலயும் ஏன் வே அடிக்கல?"

மலையில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் நீளமாக ஒரு ஹாரன், திரும்பும்போது குட்டையாக ஒன்று. யாரும் எழுதி வைத்த விதி கிடையாது, ஆனால் மலை ஓட்டுகிறவன் கை அதைத் தானாகச் செய்யும். டிக்கெட் கிழித்துக்கொண்டே அவர் அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மறந்திருப்பேன்" என்றேன்.

"மறந்து வெச்சிட்டு வர அது என்ன குடையா? ஒறங்கினீரா?"

"ஒறங்கல. ஆனா அங்கன நான் இல்ல."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம் பொண்டாட்டிக்கு அம்மை வீடு ஊத்துல. பிள்ளையத் தூக்கிட்டு மாசம் ரெண்டு தடவ இந்த வண்டியிலதான் ஏறுதா. இன்னொரு தடவ ஹாரன் கொறஞ்சா டெப்போவுல சொல்லிருவேன். கூட்டாளின்னு பாக்க மாட்டேன். பொறவு என்னைய ஏசக் கூடாது."

"ஏச மாட்டேன்."

"டீயக் குடியும். ஆறிட்டு."

வண்டியை எடுத்தேன். அணைக்கட்டின் நீர் இடது பக்கம் வெகுதூரம் கூடவே வந்தது. எனக்குத் தெரியாமல் கழிந்த அந்த இரண்டு திருப்பங்களும் அந்த நீருக்கு அடியில் கிடப்பதுபோல எனக்குப் பட்டது.

*

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. உறக்கம் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஓர் ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை. மண் சரிந்து பாதை அடைத்துவிடுமோ என்று காது கொடுத்துக்கொண்டே ராத்திரிகளில் படுத்திருந்தேன். மழை விட்டுவிட்டது. காது விடவில்லை.

ஒரு ராத்திரி மலையில், ஒரு ராத்திரி வீட்டில். அதுதான் எங்கள் முறை. மலையில் வண்டியிலேயே படுக்கை. கடைசி நீள சீட்டு எனக்கு, நடுச் சீட்டுகளுக்கு இடையில் தரை கண்டக்டருக்கு. எட்டு மணிக்கெல்லாம் சாய்ந்துவிடுவோம். மூடாத ஒரு ஜன்னல் வழியாக மூடுபனி ஏறி வந்து ஒவ்வொரு சீட்டாக உட்காரும். டிக்கெட் எடுக்காத பயணிகள். விடிய விடிய அவர்களோடு நான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். சக்கரம் மட்டும் சுற்றாது.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். அம்பாசமுத்திரத்தில் நாங்கள் இருந்தது ஒரு வளவு. ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஆறு வீடுகள், நடுவில் பொது முற்றம், ஒரு கிணறு. நான் மலை வண்டிக்குப் போன நாளிலிருந்தே வளவு என் உறக்கத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்னார் சொல்லி அல்ல. மலை ஓட்டுகிற ஆள் நல்லபடியாக உறங்க வேண்டும், அது ஊருக்கே நல்லது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஏழரைக்கு என்னைப் படுக்க வைத்துவிடுவார்கள். எட்டு மணிக்கு வளவு அடங்கிவிடும். ரேடியோ நிற்கும். உரல் நிற்கும். கிணற்றில் வாளி விடமாட்டார்கள். எதிர்வீட்டு அக்கா இருமல் வந்தால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். விருந்தாளி யாராவது சத்தமாகச் சிரித்தால் போதும், ஆறு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஷ்ஷ்… மலை வண்டி ஓட்டுதவுக ஒறங்குதாவ."

நான் உறங்கவில்லை. அந்த ஷ்ஷ் என்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டில் கண்ணைத் திறந்து படுத்திருந்தேன். இத்தனை பேர் காவல் இருக்கிறார்களே, காவல் காக்கிற பொருள் உள்ளே இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிறகுதான் ஒரு டாக்டர் மாத்திரை ஒன்று தந்தார். மனச்சோர்வுக்கு உள்ள மாத்திரை, குறைந்த அளவில் கொடுத்தால் உறக்கம் வரும் என்றார். பொய் சொல்லவில்லை, வந்தது. ஆனால் அது நான் போய் இறங்கும் உறக்கமாக இல்லை. சாக்கு ஒன்றைத் தலைவழியே போட்டுக் கட்டியதுபோல இருந்தது. கனவு கிடையாது. விடிந்தால் நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருக்கும். காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் நான், நடுவில் கையளவு தண்ணீர். எட்டு மணிக்கு மேல்தான் அந்தத் தண்ணீர் வடியும். வண்டி மலை இறங்குவது ஏழு மணிக்கு.

*

ஹாரன் குறைந்த அன்றே மாத்திரையை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. அது தப்பு. இரண்டு ராத்திரி ஒரு பொட்டு உறக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. மூன்றாம் நாள் மேலுக்கு முடியவில்லை என்று லீவு சொல்லிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். வளவு பதறிப்போயிற்று. ஒரு வீட்டிலிருந்து கசகசா அரைத்த பால். ஒரு வீட்டிலிருந்து ஜாதிக்காய் உரசியது. எதிர்வீட்டு அக்கா உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் கண்ணில் பொறி பறந்தது. கண்டக்டர் பார்க்க வந்தார். போகும்போது என் காதோடு, "ஒரு மடக்கு பிராந்தி போட்டுப் பாரும்" என்றார்.

"அதோட மலை இறங்கவா?"

"சவத்த விடும். கேக்கணும்லா, கேட்டேன்."

பால் நன்றாகத்தான் இருந்தது. உறக்கம் வரவில்லை. கடைசியில் என் மனைவிதான் சொன்னாள், பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறாள், பொறுமையாகக் கேட்பாளாம் என்று. பாசஞ்சர் ரயிலில் போனோம். சேரன்மகாதேவி தாண்டி வயல்களுக்கு நடுவே ரயில் ஆடிக்கொண்டு போனபோது எனக்குக் கண் சொருகியது. மனைவி தோளைக் கொடுத்தாள். ஐந்து நிமிஷம்தான். அதற்குள் கனவில் ஓர் ஆறு படிக்கட்டில் ஏறி வண்டிக்குள் வந்து என் பக்கத்தில் நின்றது.

டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. மாத்திரையைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை.

"சாப்பிட முடியுதா? சிரிப்பு வருதா? வேலையில ஆசை இருக்கா?"

"அந்த ஆசையிலதாம்மா வந்திருக்கேன்."

"அப்ப உங்களுக்கு மனச்சோர்வு இருக்குற மாதிரித் தெரியல. அந்த மாத்திரையோட ஓரமா ஒரு மயக்கம் வருமே, அதுக்காகத்தான் குடுத்திருக்காங்க. சிலருக்கு ஒத்துக்கும். காலையில மலை இறங்குற ஆளுக்கு ஒத்துக்காது. அதுக்காக நீங்களா டக்குனு நிறுத்தினதும் தப்புதான். பாதியாக்கி, கால்வாசியாக்கி, பையக் குறைப்போம்."

பிறகு கேட்டார்: "எத்தன மணிக்குப் படுப்பீங்க?"

"ஏழரை."

"எந்திரிக்குறது?"

"நாலரை."

"நடுவுல எவ்வளவு உறங்குவீங்க?"

"எல்லாத்தையும் கூட்டினா நாலு மணி நேரம் தேறும்."

பேனாவை வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "ஒரு கரண்டி மாவ எடுத்துக் கல்லு முழுக்க இழுத்தா தோசை எப்படிம்மா இருக்கும்?"

"ஓட்டை ஓட்டையா இருக்கும். பிஞ்சிரும்."

"இவரு அதத்தான் செய்யுதாரு."

வைத்தியம் அவ்வளவுதான் என்றார். பதினோரு மணிக்கு முன்னால் படுக்கையில் உட்காரக்கூடக் கூடாது. உறக்கம் வந்தாலும் வராவிட்டாலும் நாலரைக்கு எழுந்துவிட வேண்டும். படுத்து உறக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார வேண்டும். கண் தானாகச் சொருகினால்தான் திரும்பி வரலாம். பகலில் படுக்கவே கூடாது, அந்த நீள சீட்டு உட்பட. மத்தியானத்துக்கு மேல் டீ இல்லை. ராத்திரி நடப்பதை ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். உறக்கம் கெட்டியானதும் கால் மணி கால் மணியாக நேரத்தைக் கூட்டலாம்.

"இன்னொண்ணு. மொத வாரங்கள்ல ரொம்பக் கண்ணு அசத்தும். இது சரியாகுற வரைக்கும் நீங்க வண்டி ஓட்டக் கூடாது. மலை மட்டும் இல்ல, எதையும்."

"ரூட்டு போயிரும்மா."

"உயிரு போறதுக்குப் பதிலா ரூட்டு போகட்டும். நான் சீட்டு எழுதித் தாரேன்."

டெப்போவில் சீட்டைப் படித்த அதிகாரி மோசமான ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் பெட்டிக்குள் உட்கார்ந்து வண்டி வருகிற, போகிற நேரங்களை எழுதச் சொன்னார். "ரெண்டு மாசம். அதுக்குள்ள அந்தம்மா சரின்னு எழுதித் தந்தா மலை ஒமக்கு. இல்லேன்னா டவுன் வண்டி. இதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது வே."

டவுன் வண்டியும் வண்டிதான். ஆனால் பதினோரு வருஷம் நான் கீழே வெயிலில் கிளம்பி மேலே மழைக்குள் போய்ச் சேர்ந்தவன். வழியில் மேகம் பானெட்டின் மேல் வந்து படுக்கும், வைப்பரால் பைய எழுப்பி அனுப்புவேன். காலையில் தேயிலைச் சரிவுகள் பச்சைக் குளத்தைச் சாய்த்து வைத்ததுபோல நிற்கும். அதைக் கொடுத்துவிட்டுச் சந்தை முக்கில் பிரேக் போட்டுக்கொண்டு இருப்பதை நினைக்க முடியவில்லை.

*

வளவுக்குச் சொல்வதுதான் சிரமமாக இருந்தது.

"சத்தம் போடணுமா? மனுசன் ஒறங்கதுக்கா?" என் மனைவி நம்பவில்லை. ரயிலில் தலையை ஆட்டிக்கொண்டு வந்தவள் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். "ஒங்களுக்குத் தெரியுமா? பதினோரு வருசமா எட்டு மணிக்கு மேல நான் ஒரு கரண்டியத் தரையில வெச்சதில்ல. மடியில வெச்சுக்கிட்டு இருட்டுல உக்காந்திருப்பேன். இப்பம் வந்து அதாலதான் ஒறக்கம் வரலன்னு சொல்லுதீங்க."

"அதாலதான்னு சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுதீங்க?"

எனக்கு அவள் கரண்டிதான் கண்ணில் நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் விழித்துக்கொண்டு படுத்திருக்க, அந்தப் பக்கம் அவள் மடியில் கரண்டியோடு இருட்டில் இருந்திருக்கிறாள். நான் உறங்குகிறேன் என்று அவளும், அவள் உறங்குகிறாள் என்று நானும். இந்த ஒரு வருஷத்தில் ஒரு ராத்திரிகூடப் பேசிக்கொள்ளவில்லை.

அன்று எட்டரைக்கு வளவுக்குத் திடீரென்று சத்தம் வரவில்லை. எல்லோரும் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைப் போட்டுவிட்டுத் தலையை நீட்டினார்.

"போதுமா அண்ணாச்சி? இன்னும் கூட்டவா?"

"நீரு எப்பவும் போல கேளும்."

"எப்பவும் நாங்க கேக்கதில்லையே."

யாரோ சிரித்தார்கள். ஷ்ஷ் வரவில்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா முற்றத்தின் நடுவில் நின்று, வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த இருமலை ஆசை தீர இருமினாள்.

பதினோரு மணி வரை விழித்திருப்பது லேசில்லை. ஒன்பதரைக்கே இமைகள் கற்பலகை மாதிரி இறங்கும். முற்றத்தில் கட்டம் போட்டுத் தாயம் உருட்டினோம். நான் உட்கார்ந்தபடியே சரிந்தால் என் மனைவி விலாவில் குத்துவாள். "ஏங்க, கண்ணு சொருகுது. எந்திரிங்க, நடங்க." அதற்கும் அசையாவிட்டால் ஆற்றுப் பாலம் வரை கூட்டிக்கொண்டு போவாள். தாமிரபரணி இருட்டில் தெரியாது. கல்லைத் தொட்டுத் தொட்டு அது தன் வழியைக் கண்டுபிடித்துப் போகிற சத்தம் மட்டும் வரும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பேன். பாலம் மெதுவாகக் கிழக்கே நகரும், ஆறு அப்படியே நிற்கும். கருங்குளம், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் எங்களைக் கடந்து போகும். "வாங்க, போதும், பத்தே முக்கால் ஆயிட்டு" என்று அவள் குரல் வந்ததும் பாலம் அம்பாசமுத்திரத்தில் வந்து நின்றுவிடும்.

முதல் பத்து நாள் நரகம். டைம் கீப்பர் பெட்டிக்குள் நேரம் எழுதும்போது எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. திருச்செந்தூர் வண்டியைத் தென்காசிக் கட்டத்தில் எழுதிவிட்டு ஏச்சு வாங்கினேன். என் வண்டியைப் புதிய டிரைவர் எடுத்துப் போவதைத் தினமும் கூண்டுக்குள்ளிருந்து பார்த்தேன். கண்டக்டர் ஜன்னலில் தட்டிக் கேட்பார்: "எத்தன மணி நேரம் வே?"

"நாலேகால்."

"நேத்து நாலுல்லா? ஏறுது, ஏறுது."

டாக்டர் என் நோட்டைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மணி எழுதச் சொன்னா நீங்க பல்லியப் பத்தி எழுதிருக்கீங்க. 'பல்லி சொல்லிற்று, நிலா கிணற்றுக்குள் போயிற்று.' இது எத்தன மணி?"

"ரெண்டு இருக்கும்மா."

"அதையும் பக்கத்துல எழுதுங்க. பல்லி இருந்துட்டுப் போகட்டும்."

மாத்திரை பாதியாயிற்று. பிறகு கால்வாசி. நடுவில் ஒரு வாரம் எல்லாம் பின்னால் போயிற்று, மூன்று மணி நேரத்துக்கு இறங்கியது. அப்படி ஒரு ராத்திரி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்று முழுதாகப் போட்டால் நாளைக்குச் சாக்குக்குள் நிம்மதியாக இருக்கலாம். என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அட்டையைப் பிடுங்கவில்லை. மடியில் ஒரு கரண்டி கொண்டு வந்திருந்தாள். அதைத் தரையில் டங்கென்று வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறாவது வாரம் ஒரு காலையில் முற்றத்தில் பித்தளைக் குடம் ஒன்று விளிம்பு நசுங்கிக் கிடந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஆறு வீடும் என்னைப் பார்த்தது.

"ராத்திரி கெணத்தடியிலேருந்து வாசல் வரைக்கும் உருண்டுதே. ஒங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. அந்த ராத்திரி நான் ஒரு கனவில் இருந்தேன். ஒரு வருஷத்துக்கு அப்புறம் ராத்திரி உறக்கத்தில் வந்த முதல் கனவு. அதில் மழை பெய்துகொண்டிருந்தது, யாரோ தூரத்தில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

*

இரண்டு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது சீட்டு கிடைத்தது. "அஞ்சேகால் மணி நேரம். உங்களுக்கு இது போதும். மாத்திரை இல்லாம ரெண்டு வாரம் ஆச்சு, காலையில தெளிவா இருக்கீங்க. சில ராத்திரி வராது. வராட்டா எந்திரிச்சு உக்காருங்க, பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

வண்டியை மேலே கொண்டு போனேன். ஊத்தில் அன்று ராத்திரி பதினோரு மணி வரை தோட்டத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் எட்டு மணிக்குக் கம்பளியை மறந்துவிட்டு மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார், வெகுநேரம் வரவில்லை. மூடுபனி வழக்கம்போல ஜன்னலில் ஏறி வந்தது. அதற்குச் சீட்டில் இடம் விட்டுவிட்டு நான் உறங்கினேன்.

காலையில் மூன்றாவது வரிசையில் கண்டக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கண்டக்டர் டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் பார்க்காமல், "ரைட்" என்றார்.

மாஞ்சோலை தாண்டி இறங்கினேன். நாவல்மரம்: நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. அடுத்தது அந்தப் பேர் இல்லாத திருப்பம். யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை என்பதே அப்போதுதான் தோன்றியது. ஓரத்துக் கல்லில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது, யாருடையதோ, சிவப்பு. ஹாரன். அதற்கு அடுத்ததில் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. உண்மையான மேகம். ஹாரன் அடித்தேன், மேகத்துக்குள்ளிருந்து பாறை திருப்பி அடித்தது. தண்ணித் திருப்பத்தில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சாலையில் விழுந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் அதில் நனைகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மணிமுத்தாறில் நிறுத்தினேன். கண்டக்டர் என் ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"எத்தன ஹாரன் வே?" என்றேன்.

"எண்ணல" என்றார். பொய். அவர் விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

பின்வாசல் வழியாக அவர் மனைவி இறங்கி வந்தாள். "நல்லா பையக் கொண்டாந்தீங்க அண்ணாச்சி" என்றாள். தோளில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு உறங்கிக்கொண்டிருந்தது. ஊத்திலிருந்து ஒரே உறக்கமாம். இத்தனை ஹாரனுக்கும் இமைகூட அசையவில்லையாம். அதன் சட்டைக் காலரில் கொஞ்சம் எச்சில் வழிந்திருந்தது. நான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வே அப்படிப் பாக்கீரு?"

"பொறாமையா இருக்கு வே" என்றேன்.